இடது பின்சக்கரம்

மெர்சிக்கு விரல் நுனிகள் மரத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வல்லம் வடகாலில் மின்சார கார் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற ஸ்போர்ட்ஸ் கார். அதில் ஒயர் கனெக்டரைச் சொருகும்போது 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு அந்த 'டக்' விரலிலேயே தெரிந்துவிடும். மெர்சி காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்பாள். பார்த்தவர்கள் அவள் ரொம்பக் கவனமானவள் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் முன்பு அந்தக் கவனத்துக்காகவே அவளை, கார்கள் நகர நகரப் பாகம் பொருத்தும் லைனிலிருந்து எடுத்து, பழுதோடு நிற்கும் கார்களைச் சரிபார்க்கும் ரீவொர்க் பகுதியில் போட்டார்கள்.

வயது முப்பத்து நான்கு. பிள்ளைப்பாக்கத்தில் சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு. புருஷன் லாசர் ஒரகடத்தில் வேறொரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறான். அவன் ஷிப்டும் இவள் ஷிப்டும் ஒத்துப்போவது மாதத்தில் பத்து நாள். மெர்சி டிப்ளமோ முடித்த நாளிலிருந்தே கான்ட்ராக்டில்தான் இருக்கிறாள். பதினோரு மாதம் முடிந்தால் பதினைந்து நாள் வீட்டில் உட்கார வைப்பார்கள். திரும்பிப் போனால் அதே வேலை, அதே இடம், ஆனால் புது அடையாள அட்டை, புது எண். முதல் தடவை வீட்டில் உட்கார்ந்தபோது அவள் அழுதாள். இரண்டாம் தடவை வேலை தேடி இருங்காட்டுக்கோட்டை வரை அலைந்தாள். இப்போதெல்லாம் அந்தப் பதினைந்து நாளில் ஜன்னல் திரைகளைத் துவைக்கிறாள். இந்தக் கம்பெனியில் அவளிடம் இப்போது இருப்பது ஆறாவது எண்.

இந்த வருடம் கம்பெனியில் நான்கு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பதினோரு பேர் பட்டியலில் இருந்தார்கள். ரீவொர்க் சூப்பர்வைசர் செந்தமிழன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் ஒரு நாள் டீ நேரத்தில் சொன்னார்.

"உங்க பேரு மேல கெடக்கும்மா. அந்த கைசன் அவார்டு இருக்குல்லா, அதான் காரணம். மெடிக்கல் முடிஞ்சா போதும், கையெழுத்துதான்."

"சரி சார்" என்றாள் மெர்சி. சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. டீயைக் குடித்து முடித்தாள்.

கைசன் என்பது ஒன்றுமில்லை. வேலையைச் சுலபமாக்க ஒரு தொழிலாளி யோசனை சொன்னால் அதற்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர். மெர்சி முன்பு லைனில் இடது பின்சக்கரம் பொருத்தும் இடத்தில் மூன்று வருடம் நின்றாள். காற்றில் ஓடும் நட்டு முடுக்கும் கன்னை நாள் முழுவதும் பிடிக்க வேண்டும். அது கையில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அங்கேதான் விரல் மரத்தது. மரத்த விரலில் போல்ட் நிற்காமல் கீழே விழுந்தது. காருக்குள் ஒரு போல்ட் விழுந்து காணாமல் போனால் லைனையே நிறுத்தித் தேடுவார்கள். இரண்டு தடவை மெர்சியால் லைன் நின்றது. மூன்றாம் தடவை நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தின் அடியில் காந்தம் ஒட்டி, அதைக் கை எட்டும் இடத்தில் சக்கரத்துக்கு உள்பக்கம் ஒட்டவைத்து, போல்ட்டையெல்லாம் அதில் போட்டுக்கொண்டாள். போல்ட் கிண்ணத்தைவிட்டு நகராது. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து எடுத்தால் போதும்.

மேனேஜர் பார்த்தார். பெரிய யோசனை என்றார். கிண்ணம் சறுக்குகிறது, இன்னும் பலமான காந்தம் வேண்டும் என்று மெர்சி கேட்டாள். அவள் லைனைவிட்டுப் போகும் சமயத்தில்தான் டூல்ரூமில் நல்ல பலமான காந்தம் வைத்துப் புதுக் கிண்ணம் செய்து கொடுத்தார்கள். நோட்டீஸ் போர்டில் கிண்ணத்தோடு அவள் போட்டோவை ஒட்டினார்கள். பரிசாக ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அவள் ரீவொர்க்குக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவன் பிரவீன், ஒரகடத்துப் பையன், இருபத்து நாலு வயது. கிண்ணமும் அவனிடம் போனது.

சுமார் இரண்டு மாதமாக ஒரு தொந்தரவு. கார்களைக் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் பாதையில் ஓட்டிப் பார்க்கும்போது சிலவற்றில் மட்டும் மூன்றாவது, நான்காவது சுற்றில் மஞ்சள் நிறத்தில் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. சட்டென்று பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பாற்றுவதுதான் ஏபிஎஸ். விளக்கு எரிந்தால் அந்தக் காவல் இல்லை என்று அர்த்தம். மின்சார காரில் இன்னொன்றும் சேர்ந்து போகும். பெடலிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப்பிடித்து வேகத்தைக் குறைக்கும். விளக்கு எரிந்தால் அந்தப் பிடியும் விட்டுப்போய், காலை எடுத்த பிறகும் கார் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும்.

அப்படி ஐந்து கார்கள் வரிசையாக ரீவொர்க்கில் நின்றன. செந்தமிழன் அவற்றை மெர்சியிடம் கொடுத்தார்.

"போன வாரம் பொட்டியையே மாத்திப் பாத்தானுவ. கேக்கல. நீங்க ஒரு தடவ பாருங்கம்மா."

பெட்டி என்று அவர் சொன்னது ஏபிஎஸ்ஸின் கம்ப்யூட்டரை. விலை கூடுதலான பொருள். மெர்சி அதைத் தொடவில்லை. ஸ்கேனரை மாட்டினாள். ஐந்து காரிலும் ஒரே வாசகம் வந்தது. இடது பின்சக்கரத்தின் வேக சிக்னல் நம்பும்படி இல்லை.

முதலில் பன்னிரண்டு வோல்ட் சின்ன பேட்டரியைப் பார்த்தாள். அது இறங்கியிருந்தால் எல்லா விளக்கும் பொய் சொல்லும். இறங்கவில்லை. கனெக்டரைக் கழற்றி, காது வைத்து மறுபடி மாட்டினாள். ஒயரை மீட்டரால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். அறுபடவில்லை. பிறகு இடது பக்கத்துச் சென்சாரை வலது பக்கத்துக்கும், வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டினாள். சென்சாரில் கோளாறு என்றால் பழி வலது சக்கரத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. நான்காவது சுற்றில் மறுபடியும் இடது சக்கரம் என்றே வந்தது.

அப்படியானால் சென்சார் கெடவில்லை. சென்சார் எதைப் படிக்கிறதோ அதில்தான் கோளாறு.

சென்சார் படிப்பது சக்கரத்து பேரிங்கின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு வளையத்தை. பார்க்க வெறும் ரப்பர் மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று பொடிப்பொடியாகக் காந்தக் கோடுகள் சுற்றிலும் பதிந்திருக்கும். சக்கரம் சுற்றும்போது சென்சார் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கையில் ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் அது குழம்பிவிடும்.

ஒரு காரின் பேரிங்கைக் கழற்றினாள் மெர்சி. வளையத்தில் கீறலில்லை, அழுக்கில்லை. காந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத்தூளைத் தூவிய வகுப்பு. டூல்ரூம் கிரைண்டருக்கு அடியிலிருந்து ஒரு பிடி தூளை அள்ளி வந்தாள். பேரிங்கின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் கவரை இழுத்துப் பிடித்து, கோலப்பொடி போல விரலிடுக்கில் விட்டுத் தூவினாள். வளையம் முழுவதும் சீப்புப் பல் மாதிரி கோடுகள் நின்றன. ஓரிடத்தில் மட்டும், கட்டைவிரல் நீளத்துக்கு, கோடே இல்லை. தூள் சும்மா கொட்டினாற்போல் கிடந்தது. அந்த இடம் லேசாக வளைந்து, பிறை மாதிரி இருந்தது.

பேரிங் கொடுக்கும் கம்பெனியின் ஆள் இனியவன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். ஐந்து கார் நின்றதிலிருந்து அவன் தினமும் காலை எட்டு மணிக்கு வந்துவிடுகிறான். யார் யாரோ திட்டுவதை வாங்கிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் பேரிங்கை எண்ணிக்கொண்டிருப்பான்.

"அக்கா, நாங்க ஒவ்வொண்ணையும் மெஷின்ல போட்டுப் பாத்துட்டுதான் அனுப்புறோம். இந்தா ரிப்போர்ட்" என்றான். சொல்லிச் சொல்லி அவன் குரல் தேய்ந்திருந்தது. "இந்த வாரத்தோட எங்க ஆர்டரை நிறுத்திடுவாங்கன்னு பேசிக்கிறாங்க. உங்க சார் ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல" என்றாள் மெர்சி. "புது பேரிங் ஒண்ணு குடு."

அவன் கொடுத்த புதுப் பேரிங்கில் தூவிப் பார்த்தாள். கோடுகள் முழுசாக இருந்தன. இங்கே வரும்போது நன்றாக இருக்கிற பொருள் காரில் ஏறிய பிறகு கெடுகிறது. எங்கே கெடுகிறது என்று பார்க்க அவள் லைனுக்கு நடந்தாள்.

பிரவீன் இடது பின்சக்கரத்துக்குக் கீழே குனிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

"வாக்கா! இன்னா, பழைய வூட்ட பாக்க வந்துட்டியா?"

"வேலையப் பாரு. நான் சும்மா நிக்கறேன்."

"சும்மா நிக்கறதுக்கும் சம்பளம் குடுக்கறான் பாரு ரீவொர்க்குல. பொறந்தா உன்ன மாதிரி பொறக்கணும்க்கா." சொல்லிக்கொண்டே பாக்கெட்டிலிருந்து எடுப்பது போலச் சாதாரணமாகக் கிண்ணத்தை எடுத்து உள்பக்கம் வைத்தான். 'டப்' என்று ஒட்டிக்கொண்டது.

மெர்சி குனிந்து பார்த்தாள். அந்தக் காரின் சக்கரத்தைத் தாங்கும் பாகமெல்லாம் அலுமினியம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. கை எட்டும் தூரத்தில் இரும்பு என்று இருப்பது பேரிங் ஒன்றுதான். அவள் ஒட்டியதும் அங்கேதான், ஆனால் அவளுடைய பழைய காந்தத்துக்கு இவ்வளவு பலம் இல்லை. வலது பக்கத்தில் நிற்பவனுக்குப் பக்கத்திலேயே இரும்புத் தூண் இருக்கிறது, அவன் போல்ட் டப்பாவை அதில் மாட்டிக்கொள்கிறான். அதனால்தான் எப்போதும் இடது. ஒட்டுகிற இடம் கொஞ்சம் தள்ளிப்போனால் வளையம் தப்பிக்கும். அதனால்தான் எல்லாக் காரிலும் இல்லை.

"கிண்ணத்த கொஞ்சம் குடு" என்றாள்.

"ஐயையோ, அத மட்டும் கேக்காதக்கா. அது இல்லன்னா நான் செத்தேன். போல்ட்டு கையில நிக்க மாட்டேங்குது." அவன் வலது கையை உதறிக்கொண்டான். "காலைல பல்லு வெளக்கறப்போ பிரஷ் கையிலதான் கீதான்னு கண்ணாடில பாத்துக்கினே வெளக்கறேன்னா பாத்துக்கோயேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரவீனும் சிரித்தான். மெர்சி சிரிக்கவில்லை. அவளும் அப்படித்தான் கண்ணாடியைப் பார்த்து விளக்கிக்கொண்டிருந்தாள், இரண்டு வருடம் முன்பு.

டூல்ரூமில் இருந்த உபரிக் கிண்ணத்தை வாங்கி வந்தாள். கோடு முழுசாக இருந்த அந்தப் புதுப் பேரிங்கின் மேல் ஒட்டினாள். ஒரு கார் நிற்கும் நேரம் அளவுக்குக் காத்திருந்து பிடுங்கி எடுத்தாள். கவரை இழுத்துப் பிடித்துத் தூளைத் தூவினாள். கட்டைவிரல் நீளத்துக்குக் கோடு அழிந்திருந்தது, அதே பிறை. கிண்ணத்தின் விளிம்பை அதன்மேல் வைத்தாள். பொருந்தியது.

அதிர்ச்சி எதுவும் இல்லை. மழைக்கு முன்னால் துணியை எடுத்துவைக்க வேண்டும் என்பது போல, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. தூளை ஊதிவிட்டு, பேரிங்கைக் கவரோடு மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

லாசர் அன்று பகல் ஷிப்ட். ஹாட்பாக்ஸிலிருந்து இட்லியை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"லிஸ்ட்டு இன்னா ஆச்சு?"

"அடுத்த புதன் மெடிக்கல்."

"கைய இன்னா பண்ணப் போற?"

அவனுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. சொல்லாமலே தெரிந்த விஷயம். ஒரு முறை அவள் சூடான தோசைக்கல்லை வெறும் கையால் நகர்த்தியதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்ண மூடச் சொல்லிட்டு ஊசியால தொடுவாங்களாம். தெரியுதான்னு கேப்பாங்க. நர்ஸு அசையற சத்தம் கேக்கும். கேட்டா தெரியுதுன்னுட வேண்டியதுதான்."

"அவ்ளோதான?"

"அவ்ளோதான்."

லாசர் இன்னொரு இட்லி எடுத்துக்கொண்டான். கிண்ணத்தைப் பற்றி அவள் சொல்லவில்லை.

மறுநாள் செந்தமிழன் ஏன்-ஏன் தாளை நீட்டினார். ஒரு கோளாறுக்குக் காரணம் கண்டுபிடித்தால் அந்தத் தாளை நிரப்ப வேண்டும். ஐந்து கட்டங்கள். ஏன் நடந்தது என்று முதல் கட்டத்தில் எழுதி, அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு அடுத்த கட்டம், இப்படி ஐந்து. மெர்சி டிராயரிலிருந்த பேரிங்கை எடுத்துத் தூள் தூவிக் காட்டினாள். கிண்ணத்தை வைத்துக் காட்டினாள். அவர் வெகுநேரம் அந்தப் பிறையையே பார்த்தார்.

"யார்ட்டயும் சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"பேரிங் சரியில்லன்னு போட்டா முடிஞ்சிபோச்சுல்லா? கிண்ணத்த நான் சத்தமில்லாம தூக்கிருதேன். பட்டியல் வரப்போற நேரம்மா இது. உங்க ஃபைல்ல இருக்கதே இந்தக் கிண்ணந்தான்."

"அவங்க ஆர்டர நிறுத்திடுவாங்க சார். அந்தப் பையன் தெனமும் வந்து நிக்கறான்."

"அது நம்ம தலைவலி இல்ல."

"சரி சார். கிண்ணத்தத் தூக்கினா பிரவீன் கையில போல்ட்டு நிக்காது. அவன் வேற காந்தம் கொண்டாந்து வெப்பான். நான் வெச்ச மாதிரி."

அவருக்குப் புரியவில்லை. மெர்சி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். விளக்கு ஏன் எரிந்தது? வளையத்தின் காந்தக் கோடு அழிந்ததால். ஏன் அழிந்தது? காந்தக் கிண்ணத்தை பேரிங்கில் ஒட்டியதால். கிண்ணம் ஏன் வந்தது? போல்ட் கைநழுவி விழுந்ததால். மூன்று கட்டம் நிரம்பியது. பேனா கொஞ்சம் நின்றது. பேனாவையும் அவள் அழுத்தித்தான் பிடிப்பாள், இல்லாவிட்டால் அது நழுவுவது தெரியாது.

போல்ட் ஏன் நழுவியது? விரல்கள் மரத்துப்போனதால்.

ஏன் மரத்தது? ஒரே ஆள் எட்டு மணி நேரம் கன் பிடிப்பதால்.

செந்தமிழன் நாலாவது கட்டத்தில் விரலை வைத்தார். "யாரு விரலு?"

"என்னுது. இப்ப பிரவீனுதும்."

"மெடிக்கல் வருது, தெரியும்லா?"

"தெரியும் சார்."

"நாளைக்குக் காலையில தாரேன்னு சொல்லுங்க, இன்னொரு தாள் தாரேன்."

"இதுவே போதும் சார்" என்று அடியில் தன் பெயரையும் எண்ணையும் எழுதினாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு வெளியே எடுத்து மடிப்பை நீவிவிட்டு ஃபைலில் போட்டார்.

புதன்கிழமை மெடிக்கல் அறையில் ஷாரோன் என்ற நர்ஸ் இருந்தாள். ஏன்-ஏன் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதெல்லாம் இன்னும் மேனேஜர் மேஜையிலேயே கிடந்தது. மெர்சியைக் கண்ணை மூடச் சொல்லி, கையை மேஜையில் விரித்து வைக்கச் சொன்னாள். ஷாரோன் கையில் கண்ணாடி வளையல். ஒவ்வொரு முறை அவள் கை நகரும்போதும் வளையல் கிணுங்கியது. இதைவிடச் சுலபமாக யாருக்கும் அமையாது. கிணுங்கும்போதெல்லாம் தெரியுது என்று சொன்னால் போதும்.

வளையல் கிணுங்கியது. மெர்சி பேசாமல் இருந்தாள். மறுபடி கிணுங்கியது.

"குத்துங்க. தெரிஞ்சா சொல்றேன்" என்றாள்.

"குத்திட்டேன்கா" என்றாள் ஷாரோன். "நாலு தடவ."

மெர்சி கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ரத்தம் நின்றிருந்தது. ஷாரோன் பஞ்சை எடுத்து அதைத் துடைத்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். இரண்டு வருஷம் என்று மெர்சி சொன்னாள். வெளியே இன்னொருவரிடம் அதைச் சொன்னது அதுதான் இரண்டாவது தடவை. சொன்னதும் மனசு லேசாகும் என்பார்கள். அப்படி எதுவும் ஆகவில்லை.

பத்து நாள் கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள். நான்கு பெயர்கள். மெர்சி பெயர் இல்லை. நோட்டீஸ் போர்டில் அந்தப் பட்டியலை ஒட்ட இடம் வேண்டுமென்று அங்கிருந்த அவள் போட்டோவை எடுத்துவிட்டிருந்தார்கள். கை பழையபடி ஆகலாம், ஆகாமலும் போகலாம், இனி கன் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

இனியவன் தினமும் வருவதை நிறுத்தினான். கடைசி நாள் ஒரு டைரி மில்க் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். இடது பின்சக்கரத்து இடத்தில் கன்னை மேலிருந்து கம்பியில் தொங்கவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும் என்று போர்டு மாட்டினார்கள். கிண்ணத்துக்குப் பதில் இடுப்பில் கட்டிக்கொள்ளத் துணிப்பை கொடுத்தார்கள்.

"பூ விக்கற பொம்பள மாதிரி ஆக்கிட்டியேக்கா என்ன" என்றான் பிரவீன். "மல்லி முழம் இன்னா வெலன்னு கேக்கறானுங்க எல்லாம்."

"கை எப்டி கீது?"

"இப்ப பரவால்ல." அவன் வேறு பக்கம் பார்த்தான். "உனக்கு வரும்னு நெனச்சேன்க்கா அந்த லிஸ்ட்டுல."

"நானும்தான்" என்றாள் மெர்சி.

வீட்டில் லாசரிடம், பட்டியலில் இல்லை என்று சொன்னாள். அவன் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டிய சட்டையை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, "சரி, சாப்டியா?" என்றான். சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை.

முப்பத்தெட்டு கார்களின் இடது பேரிங்கை மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கும் வேலையை செந்தமிழன் மெர்சிக்கே கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலைந்து கார். முப்பத்தெட்டாவது கார் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. சிவப்பு நிறம். அவள் உள்ளே இறங்கி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். அது மாட்டிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டாள். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினாள்.

எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட, காரைத் தொடங்கும்போது அவை அப்படி ஒருமுறை எரியும். பிறகு ஒவ்வொன்றாக அணைந்தன. பெல்ட், பேட்டரி, ஏர்பேக். கடைசியாக ஏபிஎஸ் அணைந்தது.

முதல் சுற்று. இரண்டாவது. மதில் சுவரும் காலிப் பெட்டிகளும் பஸ் ஷெட்டும் மாறி மாறி வந்தன. மூன்றாவது சுற்றில் பெடலிலிருந்து காலை எடுத்தாள். கார் உருண்டு ஓடவில்லை. யாரோ பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தது போல வேகம் அடங்கியது. நான்காவது சுற்று முடிந்தது. விளக்கு வரவில்லை. சரியாக இருக்கட்டும் என்று ஐந்தாவது சுற்றும் போனாள்.

இறங்கி, தாளில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எண் எழுதும் இடத்தில் ஆறாவது எண்ணை எழுதினாள். அது வெள்ளிக்கிழமை வரை செல்லும்.